சாப்பாட்டுக் கூடம் 'ஹப்' ஆனால் அடுப்பு எங்கே போகும்?

கேள்வி, 2 ஜூன்

எங்கள் விடுதியின் பழைய டேவான் மாக்கானை (சாப்பாட்டுக் கூடத்தை) மூடிவிட்டு 'மாணவர் ஹப்' ஆக்கப் போகிறார்கள். ஏர்கோன், சோபா, சார்ஜ் போட இடம், காப்பிக் கடை, நான்கு கலந்துரையாடல் அறை. சமையலறையை எடுத்துவிடுவார்களாம். இந்த மாதம் கருத்துக் கேட்கும் கூட்டம், நானும் போகிறேன். அங்கே யாரும் சாப்பிடுவதே இல்லை, எல்லாரும் கிராப் ஆப்பில் ஆர்டர் போடுவதுதான். எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது. அண்ணன்மார் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

2 ஜூன், இரவு 10.40

நல்லதுதான், எடுக்கட்டும். நான் 1993இல் கோலாலம்பூரில் விடுதியில் சேர்ந்தவன். எங்கள் கூடத்தில் மேசைமேல் கை வைத்தால் கை ஒட்டிக்கொள்ளும். வியாழக்கிழமை மீன், வெள்ளிக்கிழமை அதே மீன் வேறு குழம்பில். அதற்காகக் கண்ணீர் விட என்னிடம் ஒன்றுமில்லை.

தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன், தம்பி. கட்டடங்களுக்கு மின்சார, ஏர்கோன் வேலை செய்து கொடுக்கிறவன் நான். கூட்டத்தில் முதலில் பிளக் பாயிண்ட் எத்தனை என்று கேள். பழைய கூடங்களில் விசிறிக்கும் விளக்குக்கும்தான் ஒயர் இழுத்திருப்பார்கள். சுவரோரம் நான்கு பாயிண்ட் இருந்தால் அதிசயம், அதிலும் இரண்டு ஐஸ்பெட்டிக்குப் போய்விடும். 200 மடிக்கணினி, ஒன்றுக்கு 65 வாட் என்றால் 13 கிலோவாட். அது கிடக்கட்டும், சமாளிக்கலாம். ஏர்கோன்தான் ஆளை விழுங்கும். 450 சதுர மீட்டர் கூடத்துக்கு 30 ஹார்ஸ்பவருக்குக் குறையாமல் வேண்டும். மெயின் போர்டையே மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவைப் படத்தில் காட்டமாட்டார்கள். படத்தில் சோபா இருக்கும், சோபாவில் சிரித்துக்கொண்டு ஒரு பெண் இருப்பாள்.

3 ஜூன், காலை 6.15

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மேசை ஒட்டியதைச் சொன்னேன், அந்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லவில்லை.

என் அறைத்தோழன் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பையன். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் பிடித்தான். முதல் வாரம் முழுக்க ரொட்டியும் பாலும்தான். கூடத்துக்கு எங்களோடு வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். சமையலறை மாச்சிக் (சமைக்கும் மலாய் அம்மா) இதைக் கவனித்திருக்கிறார். இரண்டாம் வாரம் கூப்பிட்டு, ஏன் தட்டு எடுக்கவில்லை, காசில்லையா என்று கேட்டார். இவன் தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினான். மறுநாளிலிருந்து மீன் பொரிக்கும் முன்பே, தனியாக ஒரு சின்னக் குவாலியில் (வாணலியில்) புது எண்ணெய் ஊற்றி, தெம்பேயும் தாவுவும் (இரண்டும் சோயாவில் செய்வது) பொரித்து மூடி வைப்பார். மூடியைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். அது யாருடைய தட்டு என்று கூடம் முழுக்கத் தெரியும். ஒரு நாள் நான் திறந்து ஒரு துண்டு எடுக்கப் போய், அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று வாங்கினேன்.

நோன்பு மாதத்தில் விடியற்காலை நாலரைக்குச் சாகூருக்காக, அதாவது நோன்பு தொடங்கும் முன் சாப்பிட, கூடம் திறக்கும். நாங்களும் எழுந்து போவோம். பக்தியெல்லாம் இல்லை, பகலில் கூடம் மூடியிருக்கும், பசி. அரைத் தூக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்களோடுதான் எனக்கு இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் முகமே மறந்துபோயிற்று.

சரி, இதை ஹப்புக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நினைவு வந்தது, எழுதினேன்.

3 ஜூன், இரவு 9.05

'அங்கிளுக்கு மலரும் நினைவுகள்' என்று இந்தக் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார் ஈப்போ தங்கை. அங்கிள்தான், ஒப்புக்கொள்கிறேன். ரப்பர் பேண்ட் கதையை வைத்துப் பட்ஜெட் போட முடியாது என்பதும் சரிதான்.

4 ஜூன், இரவு 11.50

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். கிள்ளான் அண்ணன், 'இவ்வளவு பேசுகிறாயே, நீ செய்த கூடம் ஒன்றைக் காட்டு' என்று கேட்டுவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், குற்றம் அவர்களுடையது அல்ல. இதே வேலைதான்: பழைய சாப்பாட்டுக் கூடம், மாணவர் மையமாக வேண்டும். இரண்டு நீளச் சுவரிலும் தலையிலிருந்து இடுப்பு வரை கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னல், பட்டைகள் பாதி உடைந்து, மீதி துருப்பிடித்த கைப்பிடியோடு. பார்த்த உடனே சொன்னேன், இதையெல்லாம் கழற்றிவிட்டு முழுக் கண்ணாடி போட்டு அடைத்து ஏர்கோன் கொடுத்துவிடலாம் என்று. எனக்கும் லாபம், அவர்களுக்கும் ஆசை.

திறப்பு விழாவில் 150 பேர் இருப்பார்கள். பேச்சு முடிந்து தேநீர் கொடுத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அடுத்தவர் பேசுவது காதில் விழவில்லை. ஒரு கரண்டி கீழே விழுந்தால் கூடமே திரும்பிப் பார்க்கும். மாணவர்கள் அதற்கு 'பாசார் மாலாம்' (இரவுச் சந்தை) என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பருவத்தில் நான் சர்வீஸுக்குப் போனபோது ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு மூலையில், காதில் இயர்போன். படிக்க வந்தவன் சத்தம் தாங்காமல் போய்விட்டான், பேச வந்தவன் பேச முடியாமல் போய்விட்டான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். கடைசியில் கிடைத்தது ஒரு சின்னக் கணக்கு: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வரும். உறிஞ்சும் பரப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோலைத்தான் கவனிக்க வேண்டும். திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலில் போன சத்தம் திரும்பி வராது, ஒரு சதுர மீட்டர் திறந்திருந்தால் ஒரு சதுர மீட்டர் முழுசாக உறிஞ்சியதற்குச் சமம்.

என் கூடம் நீளம் 30, அகலம் 15, உயரம் 5 மீட்டர். 2250 கன மீட்டர். தரை மொசைக், சுவர் சிமெண்ட், மேலே பிளாஸ்டர், எல்லாம் வழவழ. தரை, சுவர், கூரை சேர்த்து 1350 சதுர மீட்டர், அதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் 67.5. ஒலி அடங்க 5.4 விநாடி. கோயில் மணி மண்டபத்துக்குச் சரி, மனிதர் பேச உதவாது. நாக்கோ 100 சதுர மீட்டர் திறந்திருந்தபோது அதே கூடத்தில் 2.2 விநாடிதான். அந்த உடைசல் ஜன்னல்தான் கூடத்தைப் பேசக்கூடிய இடமாக வைத்திருந்தது. அதை நான் காசு வாங்கிக்கொண்டு கழற்றினேன்.

5 ஜூன், காலை 7.30

திருத்தம். பினாங்குத் தம்பி சொல்வது சரி: நாக்கோ முழுக்கத் திறந்தாலும் கண்ணாடிப் பட்டையும் சட்டமும் இடத்தை அடைத்துக்கொள்ளும், 100ஐ அப்படியே எடுக்கக் கூடாது. 70 என்று வைத்தால் 2.7 விநாடி. ஆட்களும் உறிஞ்சுவார்கள் என்றும் கேட்டிருக்கிறார். ஆமாம், உட்கார்ந்த ஆள் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். ஆனால் ஆள் உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, வாயையும் திறக்கிறார். பக்கத்து மேசை உரக்கப் பேசினால் நாம் இன்னும் உரக்கப் பேசுவோம், அவர்கள் அதற்கும் மேலே போவார்கள். லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

5 ஜூன், காலை 7.42

அந்தக் கல்லூரியை எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்கிறீர்கள். கூரையில் பாதிக்கு உறிஞ்சும் பலகை தொங்கவிட்டோம். 1.7 விநாடிக்கு வந்தது. கூலியில் பாதி என் கையிலிருந்து.

7 ஜூன், மாலை 5.20

சமையலறையை எடுத்துவிட்டு அங்கேதான் கலந்துரையாடல் அறைகள் என்று கேள்வி கேட்ட தம்பி வரைபடம் அனுப்பியிருக்கிறான். இதை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

சமையலறைத் தரை சமதளம் கிடையாது. கழுவிவிட்டால் தண்ணீர் ஓடவேண்டும் என்று சாக்கடைப் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். எண்பதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால் ஆறு மீட்டரில் ஏழரை சென்டிமீட்டர் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. மேசை போட்டால் தெரியும். என் பழைய வேலையில் ஒரு அறையில் இதைச் சரிசெய்யாமல் மேலேயே வைனல் ஒட்டிவிட்டார்கள். பேனாவை மேசையில் வைத்தால் அது மெல்ல யோசித்து, பிறகு முடிவெடுத்து, கதவுப் பக்கம் உருண்டு போய் விழும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் பேனாவைப் போலத்தான். கூட்டம் முடியும்போது எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்திருப்பார்கள். ஒற்றுமைக்கு நல்லது.

இன்னொன்று ஃப்ளோர் டிராப். தரையில் இருக்கும் ஓட்டைக்குக் கீழே வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்கு மூடி. சமையலறை ஓடும்வரை தினமும் கழுவுவார்கள், தண்ணீர் நிற்கும். அறை ஆனபின் யார் கழுவுவது? ஏர்கோன் காற்றில் சில வாரத்தில் வற்றிவிடும். வாடை வரும், அந்த வழியாகவே கரப்பானும் வரும். உடனே கோப்பு எழுதுவார்கள், வாசனைத் திரவியம் வாங்குவார்கள், பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவார்கள். தேவை ஒரு வாளித் தண்ணீர். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். பயன்படுத்தாத ஓட்டை என்றால் ஒழுங்காக அடைத்துவிட வேண்டும், மேலே கம்பளம் விரித்து மறைக்கக் கூடாது.

கூரைப் பலகை அறுபது எழுபதுகளில் போட்டது என்றால், சோதித்துப் பார்க்காமல் துளை போட விடாதே. ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். கிடக்கும்வரை சும்மா கிடக்கும், துளைத்தால்தான் தூசி, தூசிதான் நெஞ்சுக்கு எமன்.

8 ஜூன், இரவு 10.10

பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும். 'பழைய கட்டடம் என்றால் இடிப்பதுதான் மலேசிய வழக்கம்' என்று ஒருவர். அப்படியே சொல்லிவிட முடியாது. கோலாலம்பூரில் பாசார் செனி (சென்ட்ரல் மார்க்கெட்) இருக்கிறதே, 1888இல் தொடங்கிய ஈரச் சந்தை, இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1937. 1980களில் மீன்காரர்கள் போய்க் கைவினைக் கடைகள் வந்தன. பங்சாரில் ஏபிடபிள்யூ 1952இல் தொடங்கிய அச்சகம், இன்றைக்கு அங்கே காப்பிக் கடைகளும் அலுவலகங்களும். பினாங்குத் தம்பி படிக்கும் யூஎஸ்எம் வளாகமே பிரிட்டிஷ் பட்டாளத்து மிண்டன் முகாம், 1971இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபோனது. மாற்றுவது நமக்குப் புதிதல்ல.

ஆனால் இந்த இடங்களில் எதை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள். பாசார் செனியில் அந்த உயரமான நடுக்கூடம் அப்படியே இருக்கிறது. நமக்கு இருக்கும் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் அந்தக் காலத்து ஆட்கள் யோசித்துத்தான் கட்டினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்சலர் மண்டபம், கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வரைந்து 1966இல் கட்டி முடிந்தது. வெளிச்சுவரில் தேன்கூடு போல் கான்கிரீட் கட்டம் கட்டமாக நிற்கும். சின்ன வயதில் நான் அதை முடிக்காமல் விட்ட வேலை என்று நினைத்தேன். வெயில் நேராக உள்ளே விழாமல் தடுக்கத்தான் அது.

9 ஜூன், காலை 6.50

அப்படியானால் ஏர்கோனே வேண்டாமா என்று கேட்காதீர்கள். மே மாதப் பிற்பகலில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவன் நான், தாளில் கை வைத்தால் மை கலையும். நாலு அறைக்கு மட்டும் ஏர்கோன் கொடுங்கள், கூடத்தைத் திறந்தே விடுங்கள். பெரிய விட்ட விசிறி இரண்டு போதும். பழைய மாதிரி 24 விசிறி போட்டால்கூட ஏறக்குறைய 1.8 கிலோவாட்தான்.

10 ஜூன், இரவு 11.30

ஈப்போ தங்கை நீளமாக எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அவர் கேட்பது: நூலகம் பத்து மணிக்கு மூடிவிட்டால் ஒரு பெண் குழுவேலைக்கு எங்கே போவாள்? மாமாக் கடைக்குத்தான் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை). அங்கே பந்து விளையாட்டுப் போட்டி ஓடும், பிளக் கிடையாது, திரும்பி நடக்கும் பாதையில் விளக்கும் இல்லை. உங்கள் மாச்சிக் கதை அழகு, ஆனால் அந்தக் கூடம் எட்டு மணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டது என்று நீங்களே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

எழுதவில்லை, தங்கச்சி, ஆனால் பூட்டத்தான் பூட்டினார்கள். எங்கள் காலத்தில் பையன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, படிக்கட்டு, பஸ் நிறுத்தம், எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தோம். எங்களோடு படித்த பெண்கள் எட்டு மணிக்குமேல் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இந்த முப்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இரவு முழுக்க விளக்கெரியும், காவலர் இருக்கும் இடம் ஒன்று வேண்டும். இதில் எனக்கு வாதமே இல்லை. முதல் நாள் 'எடுக்கட்டும்' என்றேன், அப்புறம் 'எடுக்கக் கூடாது' பக்கம் சாய்ந்தேன். இப்போது நடுவில் நிற்கிறேன்.

ஆனால் காப்பிக் கடை விஷயத்தில் அசைய மாட்டேன். ஒரு குவளை 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் கடை சோறு போடாது. அரசாங்கம் 2023 ஜனவரியில் மெனு ரஹ்மா என்று 5 வெள்ளிச் சாப்பாட்டைக் கொண்டுவந்ததே, எதற்கு? ஐந்து வெள்ளியை எண்ணிப் பார்த்து எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் வரத் தாமதமான மாதத்தில் அப்படி ஒருவன் அந்த சோபாவில் ஒரு குவளையும் வாங்காமல் எத்தனை நேரம் உட்கார முடியும்?

14 ஜூன், இரவு 9.45

நேற்று நேரில் போனேன். தம்பி அழைத்துப் போனான். பார்க்காமல் பேசியதில் சில தப்பு.

கூடம் நான் நினைத்ததைவிடச் சின்னது, உயரம் நாலு மீட்டர்தான். நாக்கோ ஒரு பக்கம்தான், மறுபக்கம் ஏற்கெனவே யாரோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆக என் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகவேண்டாம். கை தட்டிப் பார்த்தேன், மூன்று விநாடிக்குக் குறையாது.

சமையலறையில் ஒரு அக்காவும் உதவிக்கு ஒரு பையனும். காங்கோங் கீரை, கோழிக் குழம்பு, அவித்த முட்டை, மிளகாய்ச் சாம்பால். சோறு, ஒரு காய், ஒரு கோழி 6 வெள்ளி. சுவை நன்றாகவே இருந்தது, உப்பு மட்டும் தூக்கல். ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் போட்ட நேரம் அதுதானாம், தாண்டினால் பையனுக்கு ஓவர்டைம் கொடுக்கவேண்டுமாம்.

நான் வாசலிலேயே நின்றேன். இரண்டு மணிக்கு வகுப்பு விட்டது. இரண்டு பத்துக்குள் 41 பேர் வந்து ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், எண்ணினேன். ஒரு பெண் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே அக்கா மீதிச் சோற்றை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து ஆர்டர் போட்டாள்.

தம்பி, உன் முதல் கேள்வியில் 'அங்கே யாரும் சாப்பிடுவதே இல்லை' என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது உண்மைதான். அதன் காரணத்தையும் நேற்று நீ என் பக்கத்தில் நின்றே பார்த்தாய். அரை மணி நேரம்.

14 ஜூன், இரவு 9.58

அந்த 41 பேரில் எத்தனை பேர் உண்மையாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்று கிள்ளான் அண்ணன் கேட்கிறார். பத்து பேர் என்றாலும் வாளிக்குப் போன சோறு வயிற்றுக்குப் போயிருக்கும். ஒரு மாதம் மூன்று மணிவரை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றுவதைவிட மலிவு.

18 ஜூன், இரவு 10.20

கூட்டம் முடிந்ததாம். தம்பி அனுப்பியதைச் சுருக்கித் தருகிறேன். ஏர்கோன் அறைகளுக்கு மட்டும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள், மின்சாரச் செலவைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்களாம், ஒலிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. அடைத்த சுவரை உடைத்து ஜன்னல் வைப்பது 'பரிசீலனையில்'. அந்தச் சொல்லின் அர்த்தம் நமக்குத் தெரியும். இரவு திறப்புக்குக் காவலர் போட ஒப்புதல், தங்கச்சிக்கு வெற்றி. சமையலறை பாதியாகக் குறையும், இரண்டு அடுப்பு இருக்கும். காப்பிக் கடையும் வரும். மூன்று மணிவரை திறக்கும் சோதனை அடுத்த பருவம்.

இரண்டு அடுப்பு என்றால் மீனுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. சிவப்பு ரப்பர் பேண்டுக்கு இடம் இருக்கிறது.

19 ஜூன், காலை 7.05

கடைசியாக ஒன்று. இப்போதே பூட்டிக் கிடக்கும் பழைய பாத்திர அறையில் பல மாதமாக வாடையாம், எலி செத்திருக்கும் என்று மூன்று தடவை தேடினார்களாம். தம்பி நேற்று மூலையில் இருந்த ஓட்டையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். காலையில் வாடை இல்லை. மேலே எந்த எண்ணெய் விடுவது என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

எதுவானாலும் சரி, தம்பி. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அது விற்கும் விலைக்கு.